ஐஸும் காகிதத் தட்டும்

எங்கள் சபையில் யாரையும் விலக்கிவைப்பதில்லை. ஐஸ் கொண்டுவரச் சொல்வோம்.

ஜூலை மாதம் மூன்றாம் ஞாயிறு எங்களுக்கு ஹோம்கமிங். ஊரைவிட்டுப் போனவர்கள் அட்லாண்டாவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் வாடகைக் கார்களில் வந்து இறங்கி, தாங்கள் எவ்வளவு சௌக்கியமாக இருக்கிறோம் என்பதை உள்ளூரிலேயே கிடந்து வெந்தவர்களுக்குக் காட்டிவிட்டுப் போகும் நாள். ஆராதனை முடிந்ததும் பின்பக்கக் கூடத்தில் விருந்து. யார் எதைச் சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலை, சமையற்குழுத் தலைவி எர்மலீன் ஜூன் முதல் வாரமே எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுவாள். மந்திரிசபைப் பட்டியல்கூட அவ்வளவு கவனமாகத் தயாராவதில்லை. மக்ரோனி யாருக்கு, கீரை யாருக்கு, உருளைக்கிழங்கு சாலட் யாருக்கு என்பதையெல்லாம் முடிவுசெய்யப் பல மரணங்களும் ஒரு விவாகரத்தும் தேவைப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, பட்டியலின் முதல் வரியில், பீச் காப்ளர்: பீச் பழக்கூட்டின் மேல் மாவைப் பின்னிச் சுடும் இனிப்பு. பீச் விளைகிற ஜில்லா இது. இங்கே காப்ளர் செய்கிறவள்தான் கூடத்தின் ராணி. இருபத்திரண்டு வருஷமாக அந்த வரியில் இருந்த பெயர் வெர்டெல் ஃபேகன். என் மனைவி.

இந்த ஜூன் மாதம் அவள் பெயர் கடைசி வரியில் இருந்தது. ‘வெர்டெல் ஃபேகன்: ஐஸ், காகிதத் தட்டு.’

ஐஸ் என்பது கல்யாணமாகாத ஆண்களுக்கும், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கும், ஒருமுறை மக்ரோனியில் காலிஃபிளவர் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பெருமையாகப் பேசிய டெல்ஃபீனுக்கும் ஒதுக்கப்பட்டது. எங்கள் சபையில் ‘உன் சமையல் நன்றாக இல்லை’ என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் நன்றாக வளர்க்கப்பட்டவர்கள். முகத்துக்கு நேரே இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிடுவோம்; பதினோரு மாதம் வாயைத் திறக்க மாட்டோம்; பன்னிரண்டாம் மாதம் பட்டியல் பேசும்.

அவளுக்கு ஏன் என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஜனவரியில் எங்கள் இருவருக்கும் கொரோனா வந்தது. எனக்குப் போயிற்று. அவளுக்கும் போயிற்று, கூடவே மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போயிற்று. காபியும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றுதான். வெங்காயத்தைக் கடித்துவிட்டு ‘நறுக்குன்னு இருக்கு, அவ்ளோதான்’ என்பாள். இதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பாடகர் குழுவில் செவிடாகப் போனவர்கூட இருக்கலாம், இருக்கிறார். சமையற்குழுவில் நாக்கு இல்லாதவளுக்கு இடமில்லை. அன்றிலிருந்து அவளுடைய மூக்கு நான், நாக்கும் நான். பால் கெட்டதா, இறைச்சி ஆகுமா, எல்லாவற்றையும் நான்தான் மோந்து சொல்வேன். முப்பத்துநான்கு வருஷக் குடித்தனத்தில் என் கருத்து அந்தச் சமையலறையில் முதன்முறையாகக் கேட்கப்பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமிதத்தில்தான் அது நடந்தது. போன வருஷ ஹோம்கமிங்குக்கு முன்தினத்துக்கு முன்தினம், வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் கெளுத்தி மீன் பொரித்தோம். மீன் பொரித்த கொழுப்பை வடிகட்டி, நெளிந்த காபி டப்பாவில் ஊற்றி மூடுவது அவள் வேலை. மறுபடி மீனுக்கு மட்டும்தான் அதை எடுப்பாள். மாவில் போடும் நல்ல பன்றிக்கொழுப்பு வேறு டப்பா. அவள் களைத்திருந்தாள், நான் உதவி செய்தேன். துணியில் வடிகட்டிப் பக்குவமாக ஊற்றினேன். நல்ல டப்பாவில். ஆறினதும் அது பால்வெள்ளையாக உறைந்து, பார்க்க அத்தனை சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை அதில்தான் அவள் மாவு பிசைந்தாள். பழக்கூட்டை என் வாயில் ஊட்டிப் பார்த்தாள். அது சரியாகவே இருந்தது. மேலே பின்னிய மாவை உடைத்துப் பார்க்க முடியாது, அழகு கெட்டுவிடும். வீடோ வெள்ளிக்கிழமையிலிருந்தே கெளுத்தி நாறிக்கொண்டிருந்தது. எந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் முதல் கரண்டி வாயில் போனதும் தெரிந்தது. பீச், ஜாதிக்காய், வெண்ணெய், அதற்கெல்லாம் பின்னால் ஆற்றடிச் சேறு.

சுற்றிப் பார்த்தேன். இருநூறு பேர் புன்னகையோடு மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் முகமும் கோணவில்லை. அன்று செலவான காகிதக் கைத்துண்டுகள் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு கட்டு அதிகம். அவள் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். போதாதென்று இரண்டாம் தரமும் வாங்கித் தின்றேன். மீதியை எர்மலீன் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ச் சுரண்டிப் போட்டுவிட்டு, காலிப் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். “ஒரு துணுக்கு மிஞ்சல சிஸ்டர்.” அன்றைக்கே சாயங்காலம் அந்த டப்பாவை எடுத்துப்போய்க் குட்டைக்கு அப்பால் எறிந்துவிட்டுப் புது டப்பா வாங்கிவைத்தேன். நான் செய்த ஒரே பரிகாரம் அது.

இந்த ஜூனில் பட்டியலைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்ததும் வெர்டெல் எர்மலீனுக்குப் போன் போட்டாள்.

“எர்மலீன், லிஸ்டுல ஏதோ கை தவறியிருக்கு போல.”

“கையெல்லாம் தவறல சிஸ்டர். இருபத்திரண்டு வருஷமா உழைச்சுட்டீங்க. கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு குழுவுல முடிவு பண்ணோம்.”

“நான் ஓய்வு கேட்டேனா?”

“கேக்கறதுக்கு முன்னாடியே குடுக்கறதுதானே சிஸ்டர் அன்பு.”

“சரி. அப்போ காப்ளர் யாரு?”

“முதல் பெண்மணி பண்றாங்க. அவங்களுக்குக் கனவுல வந்துச்சாம்.”

“என்ன, காப்ளரா?”

“பொறுப்பு, சிஸ்டர். பொறுப்பு வந்துச்சாம்.”

முதல் பெண்மணி என்றால் பாஸ்டர் சம்சாரம். நாட்டுக்கு ஒருத்தி இருப்பதுபோல் சபைக்கும் ஒருத்தி உண்டு, எங்கள் பக்கம். பெயர் ஷார்மெய்ன். அவருடைய தொப்பிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிரசங்க மேடை தெரியாது. அதற்காகவே அந்த வரிசையில் இடம் பிடிப்போரும் உண்டு. அவர் கணவர் ரெவரெண்ட் டாக்டர் கோர்னீலியஸ் ப்ளெட்சோ. வெறும் பாஸ்டர் என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறை மடங்கியிருந்தது என்று தபால்காரரிடம் கோபித்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு வெர்டெல் என்னைப் பார்த்தாள். “போன வருஷம் என்ன கொறை, லெம்?”

“ஒண்ணும் இல்லையே.”

“ஒண்ணும் இல்லாததுக்கா ஐஸ்?”

“பொறாமை.”

“உன்னயத்தான் கேக்கறேன். நீதானே என் நாக்கு. சக்கரை கம்மியா? மாவு வேகலையா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் நான்கு நாள் பேசாமல் இருந்திருப்பாள், ஐந்தாம் நாள் எர்மலீனிடம் போய், ‘என் வீட்டுக்காரன் பண்ண கூத்து’ என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தன் வரியைத் திரும்ப வாங்கியிருப்பாள். நான் எங்கள் சபையில் முப்பது வருஷ டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. யார் தலையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ஊசியால் குத்திப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இப்படிப்பட்டவன் மீன் கொழுப்பை மாவுக் கொழுப்பில் ஊற்றினான் என்று வெளியே தெரிந்தால், சாகும்வரை என்னைக் கெளுத்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“சத்தியமா நல்லாத்தான் இருந்துச்சு,” என்றேன்.

“அப்போ நான் இந்த வருஷமும் பண்றேன்,” என்றாள். “ஐஸும் கொண்டுபோறேன், காப்ளரும் கொண்டுபோறேன். என் பாத்திரம் காலியா வரணும், லெம். வந்துட்டா எனக்கு இன்னும் கை இருக்குன்னு அர்த்தம். வரலைன்னா, மூக்கோட சேத்து எல்லாம் போச்சுன்னு வெச்சுக்கறேன்.”

ஹோம்கமிங்குக்கு முந்தின சனிக்கிழமை விடிந்ததும் பழக்கிடங்குக்குப் போய் ஒரு கூடை வாங்கிவந்தோம். பதமான பழம், இரண்டு கையாலும் திருகினால் கொட்டை தனியே கழன்று விழும். வெந்நீரில் முக்கித் தோலை உரித்தாள். சர்க்கரை போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். “கொதி சத்தம் கனமாகுது பாரு, இப்போ எறக்கணும்.” முன்பெல்லாம் வாசனையில் நிறுத்துவாள். ஜாதிக்காயை அளவுக்கரண்டியில் அளந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதை அளந்து நான் பார்த்ததில்லை. கொழுப்பு டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாரு.”

“நல்லா இருக்கு.”

“நல்லா மோந்து பாரு. மூக்க உள்ள விடு.”

விட்டேன். ஒன்றுமில்லாத, சுத்தமான வாசனை. வெண்ணெயையும் அதையும் குளிரக் குளிர மாவில் போட்டு விரல் நுனியால் பிசிறினாள். கூடைப் பின்னலாக மேலே பின்னினாள். மிஞ்சின மாவில் ஒரு கீற்றைத் தனியாகத் தகரத்தில் சுட்டு என் வாயில் போட்டாள்.

“எப்படி?”

“அருமை.”

“அந்த ஒரு வார்த்தையத் தவிர வேற தெரியாதா உனக்கு?”

“மொறுமொறுன்னு இருக்கு. உள்ள ஏடு ஏடா பிரியுது. வெண்ணெ தெரியுது. உப்பு சரி.”

அவள் கொஞ்சம் சிரித்தாள். ஒன்றரை வருஷத்தில் நான் சொன்ன முதல் முழு உண்மை அது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மூட்டை ஐஸையும் ஐந்நூறு தட்டுகளையும் இறக்கிவைத்துவிட்டு, காப்ளரைத் துணியால் மூடிக் கையில் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். எர்மலீனின் புன்னகை அரை அங்குலம் சரிந்து, மறுபடி நேராயிற்று.

“அடடே சிஸ்டர், எதுக்கு இவ்ளோ செரமம்?”

“செரமம் என்ன. பழம் இருந்துச்சு.”

இனிப்பு மேஜையின் நடுவில், பூங்கொத்துக்குக் கீழே, முதல் பெண்மணியின் காப்ளர். என் மனைவியுடையதை மேஜைக் கோடியில், ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு அந்தப் பக்கம் வைத்தாள் எர்மலீன். கரண்டி வைக்கவில்லை. நானே போய் ஒன்றை எடுத்துவந்தேன். சமையலறைக் குப்பைத் தொட்டியில் பன்னிரண்டு காலி டின்கள் கிடந்தன. டின் பீச். சபை வாசலில் நின்று இருமினால் பீச் தோட்டத்துக்காரன் திரும்பிப் பார்ப்பான்; ஜூலை மாதம்; டின்னில் வந்த பீச். மேலே முதல் பெண்மணி கேக் மாவுப் பொட்டலத்தைக் கொட்டியிருந்தார்.

ரெவரெண்ட் டாக்டர் ப்ளெட்சோ கையை உயர்த்தி ஜெபித்தார். ஜெபத்திலேயே அந்தக் காப்ளர் இரண்டு முறை வந்தது. பிறகு வரிசை நகர்ந்தது. இருநூறு பேரும் நடுவில் நின்றார்கள், வாங்கினார்கள், முதல் வாயிலேயே கண்ணை மூடினார்கள். “அம்மா, இத சாப்டா பரலோகம் தூரமில்ல.” “கனவுல வந்ததுன்னா சும்மாவா!” முதல் பெண்மணியின் தொப்பி தலையோடு சேர்ந்து ஆடிற்று. மேஜைக் கோடியில் பின்னல் பொன்னாக மின்னியபடி, ஒரு மூலைகூட உடையாமல் இருந்தது.

நான் போய் முதல் கரண்டி எடுத்தேன். அங்கேயே நின்று தின்றேன். பழம் கரைந்து ஜாதிக்காய் மெல்ல வந்தது. ஓடு நொறுங்கிப் பாகில் ஊறியது. அவள் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்தது. பொய் சொல்லவில்லை. “யப்பா, இதுதான்யா காப்ளர்!” என்று கூடம் கேட்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். நல்ல புருஷன், பாவம்.

ரெவரெண்ட் டாக்டர் அந்தப் பக்கமாக வந்தார். எங்கள் பாத்திரத்தைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். “சகோதரி வெர்டெல், ஐஸ் பிரமாதம். இவ்வளவு தெளிவான ஐஸ் நம்ம சபைக்கு வந்ததே இல்ல.”

“ஸ்தோத்திரம், ரெவரெண்ட் டாக்டர்,” என்றாள் அவள்.

அவர் நகர்ந்ததும் டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்த க்ளியோஃபஸ் என் தோளில் கையைப் போட்டான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன், போன வருஷமும் வந்திருந்தான். வெர்டெல் இரண்டடி தள்ளி, தட்டுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு முதுகில் கண் இல்லை.

“என்னடா லெம், இந்த வருஷம் என்ன மீனு?”

சுற்றி நின்ற நாலைந்து பேர் குபீரென்று சிரித்தார்கள். ஒரு வருஷமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு. அவள் கை நின்றது. நிமிர்ந்து அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

‘அது அவ தப்பில்லடா, நான்தான் ஊத்துனேன்.’ ஐந்தே வார்த்தை. வாயைத் திறந்தேன். சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து, அவர்கள் அளவுக்கே, தோள் குலுங்கச் சிரித்தேன்.

இரண்டு மணிக்கு நடுப்பாத்திரம் வழித்துத் துடைத்துப் போயிற்று. எங்களுடையதில் நான் எடுத்த பள்ளம் மட்டும் இருந்தது. அவள் அதைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஐஸ் மூட்டை ஒன்றும் மிஞ்சவில்லை.

கார் மாதாகோயில் வளைவைத் தாண்டிற்று. பிறகு, “என்ன மீனு?” என்றாள்.

“கெளுத்தி.”

“எப்படி வந்துச்சு?”

சொன்னேன். துணியில் வடிகட்டினது, டப்பா, குட்டை, எல்லாம். வயல் ஒன்று முழுதாகப் பின்னால் போயிற்று.

“எல்லாருக்கும் தெரியும்.”

“ம்.”

“நீ ரெண்டாந்தரம் வாங்கித் தின்னியே.”

“உனக்காகத்தான்.”

“இன்னிக்கி எப்படி இருந்துச்சு?”

“வெர்டெல், சத்தியமா சொல்றேன், இதுவரைக்கும் நீ இப்படிப் பண்ணதே இல்ல.”

“ஜூன் மாசமும் சத்தியமாத்தான் சொன்னே.” பிறகு வெளியே பார்த்து, “நிறுத்து,” என்றாள்.

சாலையோரம் ஒரு ஆள் லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டுப் பீச்சும் அவித்த வேர்க்கடலையும் விற்றுக்கொண்டிருந்தான். எங்களை அவனுக்குத் தெரியாது. வண்டி எண் பக்கத்து மாநிலம், அலபாமா. அவள் பாத்திரத்தோடு இறங்கினாள். நானும் பின்னால் போனேன். அவன் தொப்பியைக் கழற்றினான்.

“தம்பி, ஒரு ஒதவி. இத ஒரு வாய் சாப்ட்டுப் பாருங்க.”

“அய்யய்யோ, எதுக்குங்கம்மா?”

“சும்மா பாருங்க. நான் வித்துக்கிட்டு வரல.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தான். மென்றான். கண் மெதுவாக விரிந்தது. இன்னொரு கரண்டி, கேட்காமலே எடுத்தான். அதை நான் பார்த்தேன். அவள் அவன் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப நல்லா இருக்குங்கம்மா.”

“மறைக்காதீங்க. மீன் வாசம் அடிக்குது இல்ல?”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். அவளைப் பார்த்தான், கூடைகளைப் பார்த்தான். காலையிலிருந்து ஒன்றும் விற்றிருக்கவில்லை போலிருக்கிறது, கூடைகள் நிறைந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நிற்கிற வயதான அம்மாளிடம் இல்லை என்று மறுத்துப் பேசிப் பழகாத நாக்கு. எங்கள் பக்கத்து நாக்கேதான், எல்லை தாண்டினாலும்.

“நீங்க சொன்னப்புறம்… லேசா அடிக்குதுங்கம்மா,” என்றான். “ஆனா அதுவும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்குங்க.”

“நன்றி, தம்பி.”

அவள் திரும்பி வந்து காரில் உட்கார்ந்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். நான் ஓடிவந்து ஏறினேன்.

“வெர்டெல், அவன் பொய் சொல்றான். அதுல ஒரு பொட்டு வாசம் இல்ல. நீ கேட்டேன்னு தலையாட்டுறான். உனக்குப் புரியலையா? பொய் சொல்றான்!”

அவள் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் எதுக்கு எங்கிட்ட பொய் சொல்லணும்?” என்றாள். “அவன் என்ன எனக்குப் புருஷனா?”